யாருடைய தொண்டை?
பேசும் எந்திரங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சென்ற வருடம் ஒரு சிறிய ஊரில் புத்தக விமர்சனக் கூட்டம். எனக்கு முன்னால் மூன்று ஆண் நண்பர்கள் பேசி முடித்திருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி கீச்சிட ஆரம்பித்துவிட்டது. மைக்செட்காரர் ஓடிவந்து, "தள்ளி நின்னு பேசுங்கம்மா, ஆம்பளைங்க வாய்ஸுக்கு செட் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். மாற்றி வைக்க முடியாதா என்று கேட்டேன். "உங்க ஒருத்தருக்காகவா?" அரங்கில் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அவர் சொன்னதில் கள்ளம் ஒன்றுமில்லை. நான்கு பேச்சாளர்களில் ஒருத்திதானே நான். ஆனால் 'செட் பண்ணி வைப்பது' என்ற சொல் மட்டும் பஸ்ஸில் திரும்பி வரும்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'மனிதக் குரல்' என்று ஒன்றை யார், எப்போது, யாருடைய உடலை வைத்து செட் பண்ணினார்கள்?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். இயற்பியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. குரல் எப்படிப் பிறக்கிறது என்பதை நான் படித்தது எழுத்ததிகாரப் பிறப்பியலில்தான். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றோடு பொருந்தி வேறுவேறு எழுத்தாகிறது என்று ஒப்பித்தோம், மார்க் வாங்கினோம். அந்த இயலின் கடைசியில் தொல்காப்பியர் ஒன்று சொல்கிறார். வகுப்பில் அதை யாரும் நின்று பேசவில்லை. உள்ளே எழும் காற்றின் அளவை ஆராய்ந்து கொள்வது அந்தணர் மறையில் உள்ளது, அதை நான் இங்கே சொல்லவில்லை, வெளியே வந்து செவிக்குக் கேட்கும் ஒலியின் அளவையே சொல்கிறேன் என்கிறார். அதாவது உடலின் உட்புறம் ஒருத்தர் வசம், வெளியே கேட்பது இன்னொருத்தர் வசம். குரலைப் பற்றிய அறிவில் இந்தப் பாகப்பிரிவினை அன்றைக்கே இருந்திருக்கிறது. வேத ஓதலைக் காப்பதற்காக வடமொழிப் பிராதிசாக்கியங்கள் குரல்வளை திறந்திருப்பதா மூடியிருப்பதா என்பதுவரை வகுத்து வைத்திருந்தன. ஐரோப்பிய ஒலியியல் இதை 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகப் பிடித்தது என்பதையும், அதில் இந்திய நூல்களின் பங்கையும் டபிள்யூ. எஸ். ஆலன் 1953இல் எழுதிய புத்தகத்தில் விரிவாகக் காட்டியிருக்கிறார். நம் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த அறிவை யார் ஓதலாம், யார் காதால்கூடக் கேட்கக் கூடாது என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது.

எந்திரத்துக்கு வருவோம். 1779-80இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் கழகம் உயிரெழுத்துகளை ஒலிக்கும் கருவி செய்பவருக்குப் பரிசு அறிவித்தது. கிராட்சென்ஸ்டைன் என்பவர் ஐந்து உயிர்களுக்கு ஐந்து விதமான குழாய்கள் செய்து அதை வாங்கினார். அதே காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் அதிகாரியான வொல்ஃப்காங் ஃபோன் கெம்பலன் உடலையே செய்து பார்க்க முயன்றார். நுரையீரலுக்குத் துருத்தி. குரல்வளைக்கு ஒரு நாக்குப்பட்டை. வாய்க்கு ரப்பர் கூம்பு. மூக்குக்கு இரண்டு சிறு குழல்கள். வலது முழங்கையால் துருத்தியை அழுத்தி, இடது கையால் ரப்பர் வாயை மூடித் திறந்து வாசித்தால், சின்னக் குழந்தையின் குரலில் சில சொற்கள் வரும். இருபது வருட உழைப்பை 1791இல் வியன்னாவில் புத்தகமாகப் போட்டார்.

ஆனால் கெம்பலனை உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. 1770இல் மரியா தெரேசா அரசவையில் அவர் காட்டிய, துருக்கிய உடை அணிந்த சதுரங்கப் பொம்மை. பலரைத் தோற்கடித்த அந்தப் பொம்மையின் பெட்டிக்குள் ஓர் ஆள் ஒளிந்திருந்தார். வால்ட்டர் பெஞ்சமின் 1940இல் வரலாறு பற்றிய தன் குறிப்புகளை இந்தப் பொம்மையிலிருந்துதான் தொடங்குகிறார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். பெஞ்சமின் சொல்லாத பாதி ஒன்று உண்டு. பொய்யான பொம்மையைச் செய்த அதே ஆள் பொய்யில்லாத பேசும் எந்திரத்தையும் செய்தார். முதலாவதின் பெயரால் இரண்டாவதையும் சந்தேகித்தார்கள். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பிந்தைய எந்திரங்களைப் பார்க்கும்போது, அந்தக் கேள்வியை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

கெம்பலனின் எந்திரத்தை சார்ல்ஸ் வீட்ஸ்டன் மறுபடி செய்து 1835இல் டப்ளினில் காட்டினார். 1863இல் அதை ஒரு பதினாறு வயதுப் பையன் பார்த்தான்: அலெக்சாண்டர் கிரகாம் பெல். வீட்டுக்குப் போய் அண்ணன் தம்பி சேர்ந்து மண்டை ஒன்று செய்து 'மம்மா' என்று கத்தவைத்தார்கள். குழந்தை எதற்கு அழுகிறது என்று அண்டை வீட்டார் பார்க்க வந்தார்களாம். வீட்டு நாயை உறுமப் பழக்கி, அதன் தாடையையும் தொண்டையையும் கையால் அசைத்து பாட்டியை நலம் விசாரிக்கவும் வைத்தார் பெல். விஞ்ஞான வரலாற்றுப் புத்தகங்களில் வேடிக்கையாக வரும் இந்தக் கதையை நான் வேடிக்கையாகப் படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பெல்லின் அம்மா காது கேளாதவர். மனைவி காது கேளாதவர். அப்பா, பேச்சுறுப்புகளின் நிலையைப் படமாக எழுதிக்காட்டும் 'காட்சிப் பேச்சு' என்ற எழுத்து முறையை 1867இல் வெளியிட்டவர். அந்த முறையை வைத்து காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு கற்பிப்பதுதான் பெல்லின் முதல் தொழில். கையால் பேசும் மொழி வேண்டாம், வாயால் பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்சியின் பெரிய குரல் அவர். 1880இல் மிலான் மாநாடு அதையே தீர்மானமாகப் போட்டது. பள்ளிக்கூடங்களில் சைகை மொழி விரட்டப்பட்டது. 1883இல் பெல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொண்டால் மனித இனத்தில் செவிட்டு வகை ஒன்று உருவாகிவிடும் என்று அறிக்கை வாசித்தார். மிலான் தீர்மானத்தைக் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு 2010இல், வான்கூவரில்தான் மறுதலித்தது. நூற்றுமுப்பது வருடம். நாயின் தொண்டையைப் பிடித்துப் பேசவைத்த கைக்கும், பிள்ளையின் கையைக் கட்டிவிட்டு வாயைப் பேசச் சொன்ன கல்விக்கும் தொடர்பே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெல்லின் பெயர் தாங்கிய ஆய்வகத்திலிருந்துதான் அடுத்த எந்திரம் வந்தது. ஹோமர் டட்லி என்ற பொறியாளர் செய்த 'வோடர்' 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. துருத்தி கிடையாது, மின்சாரம்தான். மணிக்கட்டால் ஒரு பட்டையைத் தட்டினால் ரீங்காரம் மாறி உஸ்ஸென்ற காற்று வரும். பத்து விரலுக்குப் பத்துச் சாவிகள், வல்லொலிகளுக்குத் தனியாக மூன்று, சுருதிக்குக் காலடி மிதி. பியானோ வாசிப்பதுபோல் பேச்சை வாசிக்க வேண்டும். வாசித்தது யார்? டெலிபோன் நிலையத்தில் வேலைபார்த்த இளம் பெண்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து இருபத்துச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச்சு புரியும்படி வாசிக்க ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சி. எந்திரத்துக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் 'பெட்ரோ', ஆண் பெயர். பக்கத்தில் நிற்கும் ஆண் அறிவிப்பாளர் கேள்வி கேட்பார். அந்தப் பெண் வாய் திறக்கமாட்டாள். அவள் விரல்கள் பெட்ரோவைப் பதில் சொல்லவைக்கும். 'அவள் என்னைப் பார்த்தாள்' என்ற சின்ன வாக்கியத்தை, பார்த்தது யார், யாரை, பார்த்தாளா கேட்டாளா என்று கேள்வி மாற மாற, ஒவ்வொரு சொல்லாக அழுத்தம் மாற்றிச் சொல்லவைப்பதுதான் பிரபலமான வித்தை. கெம்பலனின் பெட்டிக்குள் ஆள் ஒளிந்திருந்தார். வோடரில் ஒளிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லார் கண்ணுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் எந்திரத்தைத்தான் பார்த்தது.

நாள்முழுக்க 'நம்பர் ப்ளீஸ்' என்று குரலை விற்றவர்களின் குரலை எடுத்துவிட்டு விரலை மட்டும் கேட்டு வாங்கிய காட்சி அது.

டட்லியின் இன்னொரு கருவி, பேச்சைக் கூறுபோட்டு அனுப்பி மறுமுனையில் ஒட்டும் 'வோகோடர்'. அது போருக்குப் போயிற்று. 1943இல் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் நடுவே தலைவர்கள் ரகசியமாகப் பேச அமைத்த சிக்சாலி என்ற கருவி ஏறக்குறைய ஐம்பது டன் எடை. சோவியத் தரப்பில் இதே வேலையைச் செய்தவர்கள் கைதிகள். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் மார்ஃபினோ என்ற சிறப்புச் சிறையில் பொறியாளர்களையும் மொழியறிஞர்களையும் அடைத்துவைத்து ஸ்டாலினுக்கு ரகசியத் தொலைபேசி செய்யச் சொன்னார்கள். சோல்செனிட்சின் அங்கே இருந்தார், 'முதல் வட்டம்' நாவல் அந்த இடம்தான். அவர் நண்பர் லெவ் கோபெலெவ் என்ற மொழியறிஞருக்குத் தரப்பட்ட வேலை, பதிவான தொலைபேசிப் பேச்சிலிருந்து பேசியவரை அடையாளம் காண்பது. பேச்சைப் படமாக்கிப் படிக்கும் அந்தக் கலைக்கு பெல் ஆய்வகத்தார் வைத்த பெயர் 'காட்சிப் பேச்சு'. பெல்லின் அப்பாவுடைய அதே சொல்! காது கேளாதவர் டெலிபோன் பேச உதவும் என்று சொல்லித்தான் 1947இல் அந்தப் பெயரில் புத்தகம் போட்டார்கள். அங்கே அது ஆளைப் பிடிக்கப் பயன்பட்டது. இடதுசாரி நண்பர்கள் சிலருக்கு சோல்செனிட்சின் பெயரை எடுத்தாலே முகம் கடுகடுக்கும்; அதற்காக மார்ஃபினோவைத் தாண்டிப் போக முடியாது.

இனிமேல்தான் கணிப்பொறி. அதற்கு முன் கொஞ்சம் பொறுமையாக ஒன்றைப் பார்த்துவிடலாம்.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீவாளி அதிர்கிறது, குழல் அந்த அதிர்வுக்கு உருவம் தருகிறது. குரல்வளை நமது சீவாளி, தொண்டையும் வாயும் குழல். ஒரு பெரிய வித்தியாசம்: நாதஸ்வரத்தில் குழலின் நீளம் சீவாளியைத் தன் சுருதிக்கு இழுத்துக்கொள்ளும். தொண்டையில் சுருதி ஒரு பக்கம், வாயின் வடிவம் ஒரு பக்கம், ஏறக்குறைய தனித்தனி. அதனால்தான் ஒரே சுருதியில் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் சொல்ல முடிகிறது. பதினேழு சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு முனை மூடிய நேர்க்குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்சில் எதிரொலிக்கும். நாக்கை அசைத்தால் குழாயின் வடிவம் மாறும், இந்த எண்கள் இடம் மாறும், உயிரெழுத்து மாறும். ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் எக்ஸ்ரே எடுத்து இதை 1941லேயே எழுதிவிட்டார்கள். நடுப்போரில் வந்த புத்தகம், 1958இல் மறுபதிப்பு வந்தது. ஸ்வீடனின் குன்னர் ஃபாண்ட் 1960இல் இதை முழுக் கோட்பாடாக்கினார். ரோமன் யாகப்சனும் மோரிஸ் ஹாலியும் சேர்ந்து 1952இல் எழுதிய ஒலிக்கூறுகள் பற்றிய நூலின் மூன்றாவது ஆசிரியர் இந்த ஃபாண்ட்தான். அமைப்பியல் பேசிப்பேசி நாம் தேய்த்த இருமை எதிர்வுகளுக்குப் பின்னால் ஓர் ஒலியியல் சோதனைக்கூடம் இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? குறி என்றால் ஏதோ உடம்பே இல்லாத சமாச்சாரம் என்றல்லவா எழுதிக்கொண்டிருந்தோம்.

ஃபாண்டின் கோட்பாட்டுக்குப் பின்னால் ஓர் உடம்பு இருந்தது. ரஷ்ய மொழி பேசிய ஓர் ஆள். அவருடைய எக்ஸ்ரே படங்களிலிருந்து குழாயின் குறுக்களவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரே ஒரு ஆண்.

பதினேழு சென்டிமீட்டர் என்று மேலே நானே சும்மா எழுதிக்கொண்டு போனேன், பார்த்தீர்களா? அது ஆணின் அளவு. பாடப்புத்தகத்தில் 'மனிதனின்' அளவு. பெண்ணுக்குப் பதினாலு, பதினைந்து இருக்கும். சரி, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டால் பெண் குரல் வந்துவிடாதா? வராது. பெண்ணின் தொண்டைப் பகுதி, வாய்ப் பகுதியோடு ஒப்பிட்டால் இன்னும் குட்டை. பெண் சுருக்கப்பட்ட ஆண் அல்ல என்பதை 1966இல் ஃபாண்டே எழுதினார். எழுதினார், ஆனால் எந்திரங்கள் தொடர்ந்து ஆணாகவே பேசின.

1961இல் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, கேரல் லாக்பாம் இருவரும் தொண்டைக் குழாயைச் சிறுசிறு உருளைகளாக வெட்டி ஐபிஎம் 704 கணிப்பொறிக்குள் எண்களாக அடுக்கினார்கள். ஒரு உருளையிலிருந்து அடுத்த உருளைக்குப் போகும் அலையில், குறுக்களவு மாறும் இடத்தில் ஒரு பங்கு திரும்பி வரும், மீதி முன்னே போகும். எவ்வளவு என்பது இரண்டு பரப்புகளின் விகிதம். ஒவ்வொரு சந்தியிலும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இந்தச் சின்னப் பெருக்கலைச் செய்துகொண்டே இருந்தால் உதட்டு முனையில் வெளியே வருவது குரல். குரலைப் பதிவுசெய்து திருப்பிப் போடுவதல்ல இது. யாரும் பேசாத குரல், காற்றின் கணக்கிலிருந்து பிறந்தது. அதைப் பாடவும் வைத்தார்கள்: 1892இல் வந்த 'டெய்சி பெல்' என்ற ஆங்கிலக் காதல் பாட்டு. பின்னணி இசையைக் கணிப்பொறியில் அமைத்தவர் மேக்ஸ் மாத்யூஸ். அங்கே போயிருந்த ஆர்தர் சி. கிளார்க் கேட்டார், 1968இல் வந்த '2001' படத்தில் ஹால் என்ற கணிப்பொறி அறிவு மங்கிச் சாகும்போது அதே பாட்டைப் பாடுகிறது.

கணிப்பொறி வாங்கிய முதல் தொண்டையும் ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்குக் கேட்கும் ஆண் தொண்டைதான். அந்தக் குரலைச் செய்த இருவரில் ஒருவர் பெண். கேரல் லாக்பாம் இன்று 'கெல்லி–லாக்பாம் முறை' என்ற சூத்திரப் பெயரின் பின்பாதியாக மட்டும் வாழ்கிறார்.

அடுத்து சீவாளியையும் கணக்குக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. குரல்நாண்களை மூளை ஒவ்வொரு துடிப்பாக ஆட்டுவிக்கிறது என்று 1950இல் பிரான்சில் ஒருவர் சாதித்தார். இல்லை, தசை இறுகிக் கொடுத்தால் போதும், ஆட்டுவது காற்றுதான் என்று 1958இல் ஃபான் டென் பெர்க் நிறுவினார். இது எனக்குப் பிடித்த இடம். குரல் என்றால் சித்தம், அகம், ஆன்மா என்றெல்லாம் ஏற்றிவைத்தோமே, ஜன்னல் திரை காற்றில் படபடப்பதுபோல்தான் அது அதிர்கிறது. தெரிதாவைக் கூப்பிடாமலே குரலின் சன்னிதானம் கலைந்துவிடுகிறது. 1972இல் இஷிசாகாவும் ஃபிளானகனும் ஒவ்வொரு நாணையும் சுருள்வில்லால் கோத்த இரண்டு எடைகளாக எழுதினார்கள்: 0.125 கிராம், 0.025 கிராம், நாணின் நீளம் 1.4 சென்டிமீட்டர். கீழிருந்து காற்றழுத்தம் கொடுத்தால் எண்கள் தாமாகவே அதிர ஆரம்பிக்கின்றன, கரகரக்கின்றன, அழுத்தம் குறைந்தால் அடங்கிவிடுகின்றன. அசாத்தியமான வேலை. அந்த எடைகள் யாருடையவை என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

டென்னிஸ் கிளாட் கதை வேறு வழி. அவர் காற்றைக் கணக்கிடவில்லை, வெளியே கேட்கும் ஒலியின் முகடுகளைக் கணக்கிட்டார் (தொல்காப்பியர் கட்சி என்று வைத்துக்கொள்ளலாம்). எழுதியதை வாசிக்கும் எந்திரமாக அது 1980களில் சந்தைக்கு வந்தது. அடிப்படைக் குரல் அவருடைய சொந்தக் குரலின் அளவுகள். 1985இல் தொண்டையில் துளையிட்ட பிறகு பேச்சிழந்த ஸ்டீவன் ஹாக்கிங்குக்குக் கிடைத்தது இந்த வழியில் வந்த குரல்தான். பிற்பாடு இதைவிட நல்ல குரல்கள் வந்தபோதும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக்காரர், அமெரிக்க உச்சரிப்பு, இன்னொருத்தர் தொண்டை. ஆனாலும் அது அவர் குரல். இந்த எந்திரங்களை முழுக்க அதிகாரத்தின் கதையாகவே எழுதிவிட நினைத்த எனக்கு ஹாக்கிங் இடறிக்கொண்டே இருக்கிறார், இடறட்டும்.

கிளாட் 1988இல் இறந்தார். பெண்குரலில் கலந்திருக்கும் மூச்சுக்காற்றையும் ஆராய்ந்த அவருடைய நீண்ட கட்டுரை 1990இல், இறந்த பிறகு வந்தது. ஆண்குரல் சூத்திரத்தில் சுருதியை ஏற்றிவிட்டால் பெண்ணாகிவிடாது, மூச்சையும் சேர்த்தாக வேண்டும் என்று கணக்கு அப்போதுதான் ஒத்துக்கொள்கிறது. 1996இல் பிராட் ஸ்டோரியும் கூட்டாளிகளும் காந்த அதிர்வுப் படமெடுத்து தொண்டையின் முப்பரிமாண அளவுகளை வெளியிட்டார்கள். எந்திரக் குடைக்குள் மல்லாந்து படுத்து, நிமிடக் கணக்கில் ஒரே எழுத்தில் நாக்கை நிறுத்திவைக்க வேண்டும். படுத்தவர் 29 வயது ஆண் ஒருவர். பதினெட்டு ஒலிகள். பெண் ஒருத்தியின் தொண்டை 1998இல் வந்தது.

இப்போது வேறு காலம். 2016இல் வந்த வேவ்நெட்டிலிருந்து தொடங்கிய செயற்கை நரம்பு வலைகளுக்குத் தொண்டை தேவையில்லை. பேசியவர்களின் பதிவுகள்தான் தேவை. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் இப்படி வரவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்லது. ஆனால் அது குரலின் நகல், குரல் பிறப்பதன் கணக்கு அல்ல. நகலில் உடல் இல்லை. கெல்லியும் லாக்பாமும் அடுக்கிய உருளைகளில் ஓர் உடலாவது இருந்தது, யாருடையது என்று கேட்கவாவது முடிந்தது. பதிவுகளின் குவியலில் எந்தத் தொண்டை எங்கே கரைந்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

உடலை விடாதவர்களும் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் இங்கிலாந்தில் நெஸ்யாமுன் என்ற எகிப்தியப் பூசாரியின் குரலை வெளியிட்டார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முன் இறந்தவர். லீட்ஸ் நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1824இல் துணி அவிழ்த்து ஆராயப்பட்டவர். 1941இல் அருங்காட்சியகத்தில் குண்டு விழுந்தபோது பக்கத்து உடல்கள் அழிந்தும் தப்பியவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் சிடி ஸ்கேன் எடுத்து, தொண்டையை முப்பரிமாண அச்சில் வார்த்து, கணிப்பொறி செய்த செயற்கைக் குரல்வளை ஒலியை அதற்குள் செலுத்தினார்கள். கடவுளர் முன் உண்மைக் குரல் உடையவனாக நிற்க வேண்டும் என்று அவருடைய சவப்பெட்டியில் எழுதியிருக்கிறது, அந்த விருப்பத்தைத்தான் நிறைவேற்றினோம் என்றார்கள் ஆய்வாளர்கள். கடவுளரிடம் பேசக் கேட்டவர், அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கியவர்களிடம் பேசவா கேட்டார் என்று எதிர்க்கேள்வியும் வந்தது.

நான் அதைக் காதில் ஹெட்போன் மாட்டி நாலைந்து முறை கேட்டேன். நாக்கு வற்றிப்போயிருந்ததால் பேச்சு வராது. ஆங்கிலத்தில் 'பெட்' என்பதற்கும் 'பேட்' என்பதற்கும் நடுவே உள்ள உயிர் மட்டும். ஒரு ஆட்டுக்குட்டி ஆரம்பித்து நிறுத்திக்கொண்டதுபோல் இருக்கிறது.